பதினெட்டாம் நம்பர் இராக்கம்மா

கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு இருபத்துமூன்று வயது. பதுளையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஒன்றரை வருடம் படித்த ‘சி’ என்ற கம்ப்யூட்டர் மொழி கையில் இருந்தது. ஒரு தோட்டக் கம்பனியின் பதுளைக் காரியாலயத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை இருந்தது. எங்கள் ஹாலிஎலத் தோட்டத்தில் கம்ப்யூட்டரைத் தொட்டவள் நான் ஒருத்திதான் என்ற திமிரும் நிறையவே இருந்தது. அதனால், 1999 ஒக்டோபரில் ஒரு திங்கட்கிழமை காலை மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்து, என் மேசைக்கு முன்னால் நின்று, “என்னைய யாருக்குங்க கட்டிக்குடுத்தீங்க?” என்று கேட்டபோது, கோளாறு அவரிடம்தான் என்று நினைத்தேன்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து பறித்துக் கறைபிடித்த விரல்களுக்கிடையில் நாலாக மடித்த ஒரு தாள். அவருக்கு மூன்றடி பின்னால் ஒரு மனிதர், குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தபடி நின்றார்.

“நீங்க யாரு?”

“இராக்கம்மா. பதினெட்டாம் நம்பரு.”

“அவரு?”

“பதினேழு. ரெங்கசாமி. நாங்க ரெண்டு பேரும் புருசன் பொஞ்சாதியாம். ஒங்க லிஸ்ட்டு சொல்லுது.”

“எனக்கும் நேத்துத்தாங்க தெரியும்” என்றார் பின்னால் நின்றவர், மெதுவாக.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு தாளை வாங்கினேன். என் லிஸ்ட்தான். அவர்கள் தோட்டத்தில் நாற்பது தனி வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். யார் எத்தனை வருடம் வேலை செய்தவர் என்று பார்த்து நாற்பது பேரைத் தெரிந்தெடுத்து, குடும்பத்துக்கு ஒரு வீடு என்று கொடுப்பதாக ஏற்பாடு. அந்த நாற்பது பெயர்களை அச்சடிக்கிற புரோகிராமை எழுதியது நான். வேலைக்கு வந்து நான் எழுதிய முதல் புரோகிராம் அது. அதைக் காரியாலயத்தில் எல்லோரிடமும் காட்டிக் காட்டி அலுக்க வைத்திருந்தேன்.

பதினேழாவது வரியில், ஆங்கிலப் பெரிய எழுத்தில், ‘முத்துக்கருப்பன் ரெங்கசாமி இராக்கம்மா’ என்று இருந்தது. பதினெட்டாவது வரியில் ‘இராக்கம்மா’ மட்டும். அதன்மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. பக்கத்தில் ‘இருமுறை பதிவு’ என்று எங்கள் பெரிய கிளாக்கர் ஜெயரட்ணம் ஐயாவின் கையெழுத்து.

ஜெயரட்ணம் ஐயாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. தோட்டத்துச் செக்ரோலில், அதாவது வேலையாட்களின் பெயர்ப் பதிவேட்டில், யாருடைய பெயரும் தனியாக நிற்பதில்லை. ஆணுக்கு முன்னால் அப்பா பெயர். கல்யாணமான பெண்ணுக்கு முன்னால் புருஷன் பெயர். அந்த வரியைப் படிக்கிற யாருக்கும் முத்துக்கருப்பன் மகன் ரெங்கசாமி, அவருடைய மனைவி இராக்கம்மா என்றுதான் தோன்றும். அடுத்த வரியில் அதே இராக்கம்மா மறுபடி வந்தால், ஒன்றை வெட்டத்தான் தோன்றும்.

“ரெண்டு தரம் வந்திருந்தது பிள்ளை, ஒண்டை வெட்டினன்” என்றார் ஐயா, தன் மேசையிலிருந்து எழும்பி வந்து. யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாகப் பதுளையில் இருந்தும் பேச்சில் ஒரு சொல் மாறவில்லை. “குடும்பத்துக்கு ஒரு வீடு. அதுதானே ஒழுங்கு.”

ஆக, இரண்டு பேருக்குமாக ஒரு வீடு. மீந்துபோன வீட்டை, தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, உர மூட்டை அடுக்குகிற ஸ்டோராக்கப் போகிறாராம். சனிக்கிழமை கோயில் முற்றத்தில் சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த வீடு என்று முடிவு செய்துவிடுவார்கள். அதற்கு முன்னால், பிழை எங்களுடையது என்று காரியாலயம் எழுத்தில் கொடுத்தால்தான் லிஸ்ட்டை மாற்றலாம் என்று துரை சொல்லியனுப்பியிருந்தார்.

“இந்த ரெங்கசாமி அண்ணன் ஒங்களுக்குச் சொந்தமா?”

“பக்கத்து லயம். அவரு பொஞ்சாதி செத்து நாலு வருசம். நல்ல மனுசன். அதுக்காக?” என்றார் இராக்கம்மா அக்கா. “எனக்கும் ஒருத்தரு இருந்தாருங்க. எண்பத்தஞ்சுல பண்டாரவளைக்குப் போயிட்டு வாரேன்னு போனாரு. போனவரு போனவருதான். அவரு பேரு எதுக்கு என் பேருக்கு முன்னுக்குன்னு தோட்டத்துக் கிளாக்கர்கிட்ட போயி வெட்டச் சொன்னேன். அப்ப அப்பன் பேரைப் போடவான்னாரு. அவரு பேரும் வேணாம், குடிச்சுக் குடிச்சு அம்மாவக் கொன்ன மனுசன், என் பேரே போதும்னேன். பதினாலு வருசமா காலையில ஆளு எண்ணுற பெரட்டுல இராக்கம்மான்னு மட்டுந்தான் கூப்புடுறாங்க. ஒங்க பொட்டி ஒரு நாள்ல ஒருத்தரக் கொண்டாந்து முன்னால நிறுத்திருச்சு.”

அவர் இருந்தது, வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் அண்ணன் குடும்பத்தின் ஒரே அறையான காம்பராவில். ஏழு பேர். அடுப்புக்குப் பக்கத்தில்தான் அவருக்கு இடம். அந்த வீட்டுக்காக அவர் எத்தனை நாள் காத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு நேரமில்லை. என் புரோகிராம் சரியென்று நிரூபிக்க வேண்டிய அவசரம்.

பெயர்கள் என்னுடையவை அல்ல. 93ஆம் வருடம் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் பாஸ்கல் என்ற இன்னொரு கம்ப்யூட்டர் மொழியில் ஒரு செக்ரோல் புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். பெயர்கள் எல்லாம் அவருடைய கோப்பில். என் சி புரோகிராம் அந்தக் கோப்பிலிருந்து பெயர்களை வாங்கி அச்சடிக்கும். ஆகவே முதலில் பழைய புரோகிராமைத் திறந்தேன். பதினேழு, ரெங்கசாமி. பதினெட்டு, இராக்கம்மா. தனித்தனியாக, ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாமல் இருந்தார்கள். என் புரோகிராமை ஓட்டினேன். சேர்ந்துகொண்டார்கள். திரும்ப ஓட்டினேன். திரும்பவும் சேர்ந்தார்கள்.

நாற்பது பெயரும் பிழையாக வந்தால் புரோகிராம் பிழை என்று ஒத்துக்கொள்ளலாம். முப்பத்தொன்பது பேர் ஒழுங்காக நிற்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஏன் இப்படி? எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாத எரிச்சலில் கேட்டேன்:

“அக்கா, உண்மையச் சொல்லுங்க. நீங்க ரெண்டு பேரும்… ஏதாவது இருக்கா?”

ரெங்கசாமி அண்ணனின் குடை கீழே விழுந்தது. இராக்கம்மா அக்கா என் பக்கம் திரும்பினார்.

“நீ தோட்டத்துப் புள்ளதானே?”

“ஆமா. ஹாலிஎல.”

“அந்தப் பொட்டி சொன்னா நெசம். நான் சொன்னா பொய். அப்படித்தானே?”

முகம் எரிந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஜெயரட்ணம் ஐயா சமாதானம் பண்ணப் பார்த்தார். “வீடு வருதெல்லே அம்மா? கையெழுத்தை வைச்சிட்டு எடுங்கோவன். பேப்பரில என்ன கிடந்தா என்ன?”

“வேணாங்கய்யா.”

“வீட்ட அந்தம்மா எடுத்துக்கட்டுங்க” என்றார் ரெங்கசாமி அண்ணன், குடையைப் பொறுக்கிக்கொண்டு. “நான் லயத்துலயே இருந்துக்கிறேன்.”

இராக்கம்மா அக்கா திரும்பினார். “ஒங்ககிட்ட யாரும் தானம் கேக்கல. ஒங்க வீடு ஒங்களுக்கு. என் வீடு எனக்கு.” பிறகு என்னிடம், “வியாழக்கிழமை வாரேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ரெங்கசாமி அண்ணன் மூன்றடி பின்னால் வரட்டும் என்று கூடக் காத்திருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எனக்கு ‘சி’ படிப்பித்த ஹுமைத் சேரைத் தேடித் துணிக்கடை மாடிக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டவுடன் அவர் சிரித்தார்.

“லயம் ஒண்ண நெனச்சிக்க விஜயலெட்சுமி. பாஸ்கல்காரர் ஒவ்வொரு பேருக்கும் இருபத்துநாலு காம்பரா உள்ள ஒரு லயம் ஒதுக்கியிருக்கிறார். காம்பராவுக்கு ஒரு எழுத்து. மிச்சக் காம்பராவில பூச்சியம், அதாவது ஆளில்லை. பாஸ்கல் எண்ணிக்கொண்டு போகும். இருபத்துநாலு வந்ததும் நிண்டிரும். உன்னுடைய ‘சி’க்கு எண்ணுற பழக்கம் இல்ல. ஆளில்லாத காம்பராவக் கண்டாத்தான் நிக்கும். ஒரு லயத்தில இருபத்துநாலும் நெறஞ்சிருந்தா என்ன நடக்கும்?”

“அடுத்த லயத்துக்குள்ள போயிரும்.”

“போய், அங்க இருக்கிறவங்களையும் சேர்த்துக் கூட்டி வந்திரும். ரெங்கசாமிட பேர் நீளமா இருக்கும். போய் எண்ணிப் பார்.”

படிகளில் இரண்டிரண்டாக இறங்கினேன். அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டு, காரியாலயத்துக்கு வந்து சாப்பாட்டைக் கூடத் தொடாமல் உட்கார்ந்து எண்ணினேன். முத்துக்கருப்பன் என்பதற்கு ஆங்கிலத்தில் பதின்மூன்று எழுத்து. நடுவில் ஒரு இடைவெளி. ரெங்கசாமிக்கு ஒன்பது. மொத்தம் இருபத்துமூன்று.

இருபத்துமூன்று! இருபத்துநாலாவது காம்பராவில் ஆளில்லை. என் புரோகிராம் அங்கே நின்றிருக்க வேண்டும். திரும்ப எண்ணினேன். விரல் விட்டு எண்ணினேன். பென்சிலால் கட்டம் போட்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதி எண்ணினேன். இருபத்துமூன்றுதான். விடை கிடைத்த பிறகும் விளங்காமல் போவதைப் போல ஒரு சள்ளை வேறு இல்லை.

புதன்கிழமை காலை, வேறு ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து, பழைய புரோகிராமில் அந்த இரண்டு பெயரையும் நானே அடித்தேன். என் புரோகிராமை ஓட்டினேன். பிரிந்தார்கள்! ரெங்கசாமி தனி, இராக்கம்மா தனி. பழைய கோப்பை ஓட்டினேன். சேர்ந்தார்கள். அதே எழுத்து, அதே கம்ப்யூட்டர், அதே புரோகிராம். நான் முணுமுணுத்த முணுமுணுப்பில் ஜெயரட்ணம் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பழைய கோப்பில பேர் எல்லாம் நான் அடிச்சது. நான் அடிச்சதில பிழையெண்டு சொல்லுறீரோ? விலகும்.”

கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வெற்றுக் கோப்பில் அவரே இரண்டு பெயரையும் அடித்தார். திரையைப் பார்க்கவே இல்லை. பத்து விரலும் தானாக ஓடின. என் புரோகிராமை ஓட்டினேன்.

சேர்ந்துவிட்டார்கள்.

ஐயா வாயைத் திறந்தவர் மூடவில்லை. நான் அடித்தேன், பிரிந்தார்கள். அவர் அடித்தார், சேர்ந்தார்கள். திரும்பவும் நான். திரும்பவும் அவர். பக்கத்து மேசைகளில் வேலை நின்றுபோய் எல்லோரும் எங்களைச் சுற்றி நின்றார்கள். “ஐயாவுக்குக் கல்யாணத் தரகர் கை” என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழும்பியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் வியாழக்கிழமை. இராக்கம்மா அக்கா விடியக் கிளம்பி, இரண்டு பஸ் மாறி வந்து என் முன்னால் நிற்பார். நான் என்ன சொல்வது? எனக்கு விளங்கவில்லை அக்கா, நீங்கள் போய் ரெங்கசாமிக்குப் பெண்சாதியாக இருங்கள் என்றா?

“ஐயா, இன்னொருக்கா அடிங்க” என்றேன். இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தேன்.

விரல்கள் ரெங்கசாமியின் கடைசி எழுத்தை அடித்தன. உடனே, வலது பெருவிரல் கீழே இறங்கி அந்த நீளமான கட்டையை ஒரு தட்டுத் தட்டியது. அதன் பிறகுதான் அவர் அடுத்த பெயருக்குப் போனார்.

“கடைசியில ஏன் ஐயா இடைவெளி விட்டீங்க?”

“நான் விடேல்லை.”

“விட்டீங்க. பெருவிரல் தட்டிச்சு.”

“விசர்க்கதை கதையாதேயும்” என்றவர், மறுபடி அடித்தார். பெருவிரல் மறுபடி தட்டியது. அவருக்கே தெரிந்துவிட்டது. கையை மேசைக்கு மேலே தூக்கி, யாரோ புதிய ஆளைப் பார்ப்பது போல அந்த விரலைப் பார்த்தார்.

“அறுபத்திரண்டாம் ஆண்டு” என்றார். “டைப்ரைட்டிங் பழக்கின மாஸ்டர் அடிமட்டத்தோட பின்னுக்கு நிப்பார். ஒரு சொல்லு முடிஞ்சா கட்டை தட்டோணும், தட்டாட்டில் சொல்லு முடியேல்லை எண்டு கையில போடுவார். முப்பத்தேழு வருஷம் பிள்ளை. எனக்கே தெரியாது.”

இருபத்துநாலாவது காம்பரா காலி என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே ஒரு இடைவெளி உட்கார்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அதுவும் ஒரு ஆள்தான், பூச்சியம் அல்ல. ஐயா எல்லாப் பெயருக்கும் பின்னால்தான் தட்டியிருக்கிறார். சின்னப் பெயர்களுக்குப் பின்னால் பூச்சியங்கள் மிச்சமிருந்ததால் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய பெயர்களை அவர் முதலெழுத்து போட்டுச் சுருக்கிவிடுவார். முத்துக்கருப்பன் ரெங்கசாமி மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி அடங்கிவிட்டதால் அதைச் சுருக்காமல் விட்டிருக்கிறார். இடைவெளி இருந்ததாலேயே இராக்கம்மாவின் பெயர் ஒட்டாமல், ஒழுங்காக ஒரு இடம் தள்ளி, மனைவி நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றிருக்கிறது.

“அப்ப பிழை என்ரை” என்றார் ஐயா.

“இல்லீங்கய்யா. பாஸ்கல் எண்ணும்னு தெரிஞ்சுக்காம நான் எண்ணாம எழுதினேன். பிழை என்னுது.”

“வெட்டினது ஆர்? கேட்டுப் பாக்காமல் சிவப்புக் கோடு போட்டது ஆர்?”

இருபத்துநாலு எழுத்தோடு நிற்கும்படி புரோகிராமை மாற்றியது நாலு நிமிட வேலை. ஐயா அன்றைக்கே துரைக்குக் கடிதம் அடித்தார். பிழை முற்றாகக் காரியாலயத்தினுடையது, பதினேழாம் பதினெட்டாம் இலக்கத்தவர்களுக்கு இடையில் எவ்வித உறவும் இல்லை, இருவரும் தனித்தனி வீட்டுக்கு உரியவர்கள் என்று. கீழே கையெழுத்து வைக்கும்போது அவர் முகம் நன்றாக இருக்கவில்லை. ஆனாலும் வைத்தார்.

வியாழக்கிழமை இராக்கம்மா அக்கா தனியாக வந்தார். கடிதத்தையும் புது லிஸ்ட்டையும் நீட்டினேன். வாங்கவில்லை.

“எங்கிட்ட குடுத்தா நானே யாரையோ புடிச்சு எழுதிக்கிட்டேம்பாங்க. நீ கொண்டாந்து குடு. நீதானே செஞ்ச?”

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் மடுல்சீமைக்குப் போனேன். அங்கிருந்து தோட்டத்துக்குக் கொழுந்து லொறியில் நின்றுகொண்டு போனேன். துரை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். “கம்ப்யூட்டர்லயும் பிழை வருமா?” என்று கேட்டார். “வரும் சேர். நான்தான் எழுதினேன்” என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் புது லிஸ்ட்டில் கையெழுத்துப் போட்டார்.

கோயில் முற்றத்தில் கணக்கப்பிள்ளை மைக்கைப் பிடித்து வாசிக்கத் தொடங்கினார். பதினாறு வரைக்கும் எனக்கு ஒன்றுமில்லை. “பதினேழு. முத்துக்கருப்பன் ரெங்கசாமி” என்று சொல்லிவிட்டு அவர் மூச்சு வாங்க நின்றார். மாற்றினேனா, மாற்றியதை அச்சடித்தேனா, அல்லது பழைய லிஸ்ட்டையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேனா? பெண்கள் பக்கத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரெங்கசாமி அண்ணன் போய்ச் சீட்டு எடுத்தார்.

“பதினெட்டு. இராக்கம்மா.”

கணக்கப்பிள்ளை தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மைக்கிலேயே கேட்டார். “என்னா வெறும் இராக்கம்மா? புருசன் பேரு விட்டுப்போச்சா?”

“விட்டுப் போகல” என்றார் அக்கா, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனபடி. “அம்புட்டுத்தான்.”

முப்பத்தொன்றாம் நம்பர் வீடு விழுந்தது. தண்ணீர் பிடிக்கிற பீலிக்குப் பக்கத்தில், ஓரத்து வீடு. அட்டையில் பெயரை அடித்துக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

“அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா. மன்னிச்சிருங்க.”

“கேட்டுட்டேல்ல. இப்ப இதப் படி. எனக்கு இங்கிலீசு தெரியாது.”

அவருடைய விரலைப் பிடித்துப் பெயரின் முதலெழுத்தில் வைத்தேன். ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திக் கடைசி எழுத்தில் நிறுத்தினேன். “இராக்கம்மா” என்று படித்தேன்.

“இதுக்குப் பின்னாடி?”

“ஒண்ணும் இல்லக்கா.”

“முன்னாடி?”

“முன்னாடியும் இல்ல.”

“நல்லாப் பாரு” என்றார்.

அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நன்றாகப் பார்த்தேன். வெள்ளை அட்டைதான், அவருக்கு முன்னால் யாரும் இல்லை. இல்லை என்று இன்னொரு முறை சொன்னேன். அதன் பிறகுதான் என் கையிலிருந்து அட்டையை வாங்கினார்.